கிணற்றோடு வந்த சுண்ணாம்பு: ஃபுளோரிடா ஆரஞ்சுத் தோப்புகளில் மண்ணுக்குப் புளிப்பேற்றிய கதை

ஒரே மாவட்டம், ஒரே ரகம், ஒரே நோய். ஆனாலும் ஒரு தோப்பு எப்படியோ சமாளித்து நிற்கிறது; பக்கத்துத் தோப்பு கண்ணெதிரே இலை கொட்டி மொட்டையாகிறது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடு ஃபுளோரிடாவின் ஆரஞ்சு விவசாயிகளை இந்தக் கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. மருந்தடிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, உரத்திலும் இல்லை. தேடிப்போனவர்கள் கடைசியில் போய் நின்ற இடம் கிணற்றடி.

நோயின் பெயர் கிரீனிங். சீனத்தில் ஹுவாங்லாங்பிங் என்பார்கள். பாக்டீரியாவால் வருவது. அதை மரத்துக்கு மரம் சுமந்து செல்வது சைலிட் என்ற பூச்சி. மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், இளங்கொழுந்தில் தலையைக் குனிந்து வாலைத் தூக்கியபடி உட்கார்ந்து சாறு உறிஞ்சும். இந்தப் பூச்சி ஃபுளோரிடாவில் 1998-இல் தென்பட்டது. நோய் 2005 ஆகஸ்டில், மாநிலத்தின் தென்கோடியில், மயாமி பக்கம் கண்டறியப்பட்டது. பிறகு சில ஆண்டுகளிலேயே ஆரஞ்சு விளையும் மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. இந்தியாவுக்கு இது புதிதில்லை, 1960-களிலேயே இங்கே உறுதிசெய்யப்பட்ட நோய்தான்.

இலையைப் பார்த்து அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. துத்தநாகக் குறைவு வந்த இலையில் நடுநரம்பின் இரு பக்கமும் மஞ்சள் ஒரே மாதிரி விழுந்திருக்கும். கிரீனிங் வந்த இலையில் மஞ்சள் திட்டுத்திட்டாக, ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி இருக்கும். நடுநரம்புக்கு இருபுறமும் நேரெதிராகப் பேனாவால் இரண்டு வட்டம் போட்டுப் பாருங்கள். இரண்டுக்குள்ளும் நிறம் ஒத்துப்போனால் சத்துக் குறைவாக இருக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் நோயைச் சந்தேகிக்க வேண்டும். பழம் சிறுத்து, ஒருபக்கம் கோணி, காம்புக்கு எதிர்ப்பக்கம் பச்சை மாறாமல் நிற்கும். அறுத்தால் விதை சூம்பிக் கறுத்திருக்கும்.

பாக்டீரியா குடியிருப்பது இலையில் தயாராகும் சர்க்கரை வேருக்கு இறங்கும் ஃபுளோயம் குழாய்களில். குழாய் அடைபடுகிறது, இலையில் மாவுச்சத்து தேங்குகிறது, வேர் பட்டினி கிடக்கிறது. ஆக இலைதான் முதலில் கெடும், வேர் பிறகு மெல்ல மெல்லச் சாகும் என்பதே அதுவரை எல்லோர் மனதிலும் இருந்த சித்திரம்.

தோண்டிப் பார்த்தபோது

லேக் ஆல்ஃபிரட் என்ற சிற்றூரில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் சிட்ரஸ் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1917-இல் தொடங்கியது. அங்கே மண் நுண்ணுயிரியலாளராக இருந்த ஜிம் கிரஹாமும் அவருடன் பணிபுரிந்த எவன் ஜான்சனும் மேலே பார்க்காமல் கீழே தோண்டிப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான அவர்களின் முடிவு அந்தச் சித்திரத்தைக் கலைத்துப் போட்டது. பரிசோதனையில் பாக்டீரியா இருப்பது உறுதியாகி, ஆனால் இலையில் இன்னும் எந்த அறிகுறியும் காட்டாத மரங்களிலேயே சல்லிவேர் 30 முதல் 50 சதவீதம் வரை போயிருந்தது. அதாவது, மரம் மேலே பச்சையாக நிற்கும்போதே அடியில் பாதி வேர் காலி. பாக்டீரியா வேரில் நேராகவே குடியேறிச் சேதம் செய்கிறது, குழாய் அடைபடும்வரை காத்திருப்பதில்லை என்பதை அடுத்த ஆண்டின் ஆய்வு மேலும் தெளிவாக்கியது.

இதில் இன்னொரு நுணுக்கம் இருந்தது. நோயுற்ற மரம் வேர் விடுவதை நிறுத்திவிடுவதில்லை. புது வேர் விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த வேர் சீக்கிரம் செத்துப்போகிறது. மேலே இருந்து வரும் கொஞ்சநஞ்சச் சர்க்கரையும் நிலைக்காத வேரை முளைக்கவைப்பதிலேயே செலவாகிறது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கணக்கு.

வேர் பாதிதான் இருக்கிறது என்றால், மிச்சமுள்ள பாதிக்கு மண்ணில் என்னென்ன தொல்லை என்ற கேள்வி தானாக எழுகிறது. முழு வேர்த்தொகுதி இருந்தபோது மரம் பொறுத்துக்கொண்ட சில்லறைத் தொல்லைகள் இப்போது சில்லறையாக இருக்க வாய்ப்பில்லை.

அதே 2013-இல் ஹைலேண்ட்ஸ், ஹார்டி ஆகிய இரண்டு மாவட்டங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட தோப்புகளில் மண், வேர், பாசனத் தண்ணீர் மூன்றையும் எடுத்துச் சோதித்தார்கள். மண்ணின் பி.எச்., அதாவது கார அமில நிலை, 6.5-க்கு மேலே போன இடங்களிலும், தண்ணீரில் பைகார்பனேட், அதாவது கரைந்து வரும் சுண்ணாம்பு, லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டிய இடங்களிலும் சல்லிவேர் அடர்த்தி குறைந்திருந்தது. விளைச்சல் பதிவேடுகளைப் புரட்டியபோதும் அதே போக்கு. நோய் வந்த பிறகு வேகமாகச் சரிந்தவை பைகார்பனேட் மிகுந்த ஆழ்துளைக் கிணற்றை நம்பிய தோப்புகள். ஆழமில்லாத கிணற்றுத் தண்ணீர் பாய்ந்த தோப்புகள் அவ்வளவு மோசமாகவில்லை.

மணலில் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது

நடு ஃபுளோரிடாவின் முதுகெலும்பு மாதிரி ஒரு மணல்மேடு ஓடுகிறது. லேக் வேல்ஸ் ரிட்ஜ் என்று பெயர். பழங்காலத்துக் கடற்கரை மணல். கையில் அள்ளினால் விரலிடுக்கில் சர்க்கரை மாதிரி கொட்டும். களி கிடையாது, மட்கும் சொற்பம். இயல்பில் இது புளிப்பு மண். அப்படிப்பட்ட மண் காரமாக மாறியதற்கு விவசாயி கை ஒன்று, கிணறு ஒன்று என இரண்டு காரணம்.

முதலில் கை. புளிப்பு மணலில் ஆரஞ்சு வளர்க்க, பி.எச். 6 முதல் 6.5 வரை இருக்கும்படி டோலமைட்டும் சுண்ணாம்பும் போடச் சொல்வதுதான் பல பத்தாண்டுகளாக அங்கே இருந்த பரிந்துரை. தவறான பரிந்துரை இல்லை. பூஞ்சைக்கும் சொறிநோய்க்கும் வருடக்கணக்காகத் தாமிர மருந்தடித்ததில் மேல்மண்ணில் தாமிரம் சேர்ந்து கிடந்தது. மண் புளித்தால் அந்தத் தாமிரம் கரைந்து வேரைச் சுடும். சுண்ணாம்பு போட்டு பி.எச்.ஸை உயர்த்தி வைத்தால் தாமிரம் அடங்கிக் கிடக்கும். ஒரு நஞ்சுக்குப் பூட்டுப் போடத்தான் சுண்ணாம்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது கிணறு. ஃபுளோரிடாவின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. ஆழ்துளைக் கிணறு போய்த் தொடும் நிலத்தடி நீர் அந்தப் பாறைக்குள்தான் ஊறிக் கிடக்கிறது. நம் வீட்டில் குடத்தின் உள்பக்கம் வெள்ளை பூக்குமே, கெண்டியின் அடியில் செதிலாகப் படியுமே, அதே சங்கதிதான். தோப்பில் மரத்துக்கு மரம் நட்டுவைத்த நுண்தெளிப்பானின் வாயிலும் அந்த வெள்ளை படிகிறது. அதைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மண்ணில் படிவதை யார் தட்டுவது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். எண்கள் உதாரணத்துக்கு, கணக்கு மட்டும் வேதியியல். தண்ணீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் பைகார்பனேட் என்று வைப்போம். அது 164 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமம். ஒரு மரத்துக்கு நாளுக்கு 50 லிட்டர், ஆண்டில் 150 நாள் பாசனம் என்றால் 7,500 லிட்டர். அதோடு வருவது ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ சுண்ணாம்பின் வேலை. பத்து வருடத்தில் பன்னிரண்டு கிலோ. அதுவும் தோப்பு முழுக்கப் பரவாமல், தெளிப்பான் நனைக்கும் வட்டத்துக்குள், சல்லிவேர் அடர்ந்திருக்கும் அதே இடத்தில். ஒரே தோப்பில் வரிசைகளுக்கு நடுவே எடுத்த மண்ணைவிடத் தெளிப்பானடி மண்ணில் பி.எச். கூடியிருந்தது இதனால்தான். மண் மாதிரி எடுக்கிறவர் வசதிக்காக நடுவரிசையில் எடுத்திருந்தால் ஆய்வறிக்கை எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்லும்.

பி.எச். ஏறினால் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் மூன்றும் மண்ணில் இருந்தும் இல்லாத மாதிரிதான். பைகார்பனேட் அதற்கும் மேலே ஒரு வேலை செய்கிறது: கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றை வேர் இழுப்பதைக் குறைக்கிறது. பாதி வேரோடு பிழைக்கும் மரத்துக்கு இது பட்ட காலிலே படுவது.

ஒட்டுக்கட்டும்போது அடியில் வேராக நிற்கும் வேர்ச்செடியும் இதில் கூட்டாளி. முன்காலத்தில் நாரத்தை வகையைச் சேர்ந்த புளிப்பு ஆரஞ்சில்தான் ஒட்டுக்கட்டினார்கள், அது சுண்ணாம்பைப் பொறுத்துக்கொள்ளும். டிரிஸ்டெசா வைரஸ் வந்து அதைக் கழித்துக்கட்டியது. அதன் இடத்துக்கு வந்தவற்றில் முக்கியமானது அமெரிக்க வேளாண்மைத் துறை 1974-இல் வெளியிட்ட ஸ்விங்கிள் சிட்ருமெலோ. டிரிஸ்டெசாவைத் தாங்கும், வேரழுகலைத் தாங்கும். சுண்ணாம்பை மட்டும் தாங்காது. அதன் ரத்தத்தில் இருக்கும் மூவிலை ஆரஞ்சின் குணம் அது. கரிசோ என்ற இன்னொரு வேர்ச்செடிக்கும் அதே கதை. ஒரு நோய்க்குத் தப்பிக்கத் தேர்ந்த வேர், இன்னொரு நோய் வந்தபோது கிணற்றுத் தண்ணீரிடம் தோற்றுக்கொண்டிருந்தது.

அமிலத் தொட்டியும் கந்தகமும்

சுண்ணாம்பு போடுவதை நிறுத்தச் சொன்னார்கள். அது சும்மா கிடைத்த சிகிச்சை. ஆனால் கிணறு ஓடும்வரை சுண்ணாம்பு வந்துகொண்டே இருக்கும் என்பதால் தண்ணீரையும் கவனிக்க வேண்டியிருந்தது.

மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி, அதிலிருந்து பாசனக் குழாய்க்குள் சொட்டுச் சொட்டாக அமிலம் செலுத்தும் பம்பு. கந்தக அமிலத்தை நேராகப் பயன்படுத்தியவர்கள் உண்டு. யூரியாவும் கந்தக அமிலமும் கலந்த, கொஞ்சம் சாதுவான திரவ உரத்தைப் பயன்படுத்தியவர்களும் உண்டு. அதில் தழைச்சத்தும் கிடைத்துவிடும். ஃபுளோரிடாவில் கந்தக அமிலத்துக்குப் பஞ்சமில்லை. ஆரஞ்சு விளையும் அதே போக் மாவட்டத்தில்தான் பாஸ்பேட் சுரங்கங்களும் உரத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. அந்தத் தொழிலே கந்தக அமிலத்தில் ஓடுவது.

எவ்வளவு அமிலம் வேண்டும்? மேலே சொன்ன 200 மில்லிகிராம் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள பைகார்பனேட்டில் ஐந்தில் நான்கு பங்கை முறிக்க 1,000 லிட்டருக்கு அடர் கந்தக அமிலம் சுமார் 70 மில்லிலிட்டர் போதும். ஒரு டீ டம்ளர் அளவுகூட இல்லை. அந்த அளவு சிறிதாக இருப்பதிலேயே ஆபத்தும் இருக்கிறது: பம்பு கொஞ்சம் தறிகெட்டாலும் வேரடியில் போவது கடும் அமிலத் தண்ணீர். தண்ணீரில் அமிலத்தை ஊற்றலாம், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்ற பள்ளிக்கூடப் பாடம் இங்கே உயிர் காக்கும் பாடம். பின்னோட்டத் தடுப்பு வால்வு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது, மோட்டார் நின்றதும் அமிலம் கிணற்றுக்குள் இறங்கிவிடும்.

அமிலத்துக்குப் பயந்தவர்கள் கந்தகத்தைக் கையில் எடுத்தார்கள். தெளிப்பானடி வட்டத்தில் குருணைக் கந்தகத்தைத் தூவிவிட்டால் மண்ணிலுள்ள ஒருவகை பாக்டீரியா அதைத் தின்று கந்தக அமிலமாக்கும். சூடும் ஈரமும் காற்றோட்டமும் இருந்தால் வேலை நடக்கும், இல்லாவிட்டால் குருணை குருணையாகவே கிடக்கும். மெதுவான வழி. ஒரே தடவையில் அள்ளிக் கொட்டினால் மேல் இரண்டு அங்குல மண் மட்டும் கடும் புளிப்பாகி இருக்கிற வேரும் கருகும்.

பூட்டிவைத்த தாமிரம் ஞாபகம் இருக்கிறதா? பழைய தோப்புகளில் புளிப்பேற்றுவது என்றால் அந்தப் பூட்டைத் திறப்பது. மண்ணில் தாமிரம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் பி.எச்.ஸை இறக்கினால், கிரீனிங்கில் தப்பிய வேர் தாமிரத்தில் சாகும். தாமிரம் மிகுந்த தோப்புக்காரருக்கு இதில் நல்ல வழி என்று எதுவும் இல்லை. 6.5-க்குக் கீழே எவ்வளவு தூரம் இறங்கத் துணிவது என்ற பேரம்தான்.

பலன் கிடைத்ததா

கிடைத்தது, ஆனால் கேட்டவர்கள் எதிர்பார்த்த அளவில் இல்லை.

மண்ணின் பி.எச். இறங்கியது, அதில் சந்தேகமில்லை. களியில்லாத மணலுக்கு பி.எச். மாறாமல் தடுக்கும் சக்தி குறைவு. போட்ட அமிலம் உடனே வேலை செய்யும். கண்ணாடிக்கூடத்தில் தொட்டிச் செடிகளை வைத்து லேக் ஆல்ஃபிரடிலேயே பிற்பாடு நடத்திய சோதனைகளிலும் நோயுற்ற செடிகள் காரத் தண்ணீரைவிட லேசான அமிலத் தண்ணீரில் நன்றாக இருந்தன. பி.எச். 6-ஐச் சுற்றி இருந்தால் நோயுற்ற மரத்துக்கு நல்லது என்பது இப்போது அங்கே வழக்கமான ஆலோசனை.

வயலில் கதை இவ்வளவு நேர்கோடாக இல்லை. பி.எச். இறங்கிய வேகத்தில் விளைச்சல் ஏறவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. முதல் கணக்கெடுப்பு காட்டியது ஒரு தொடர்பைத்தான்: கார மண்ணில் வேர் குறைவு, நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் வேர் கூடுதல். நல்ல தண்ணீர் வைத்திருந்த தோப்பில் வேறு என்னென்ன நன்றாக இருந்தன என்பதைப் பிரித்தறிவது லேசில்லை. மேலும், சிகிச்சை தொடங்கிய விவசாயி எவரும் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அமிலம் விட்ட அதே மாதம் உரத்தைச் சிறு சிறு தவணையாகப் பிரித்தார், பாசனத்தை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டார், இலைவழி மாங்கனீசு கொடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத தோப்பு மாநிலத்தில் கிட்டத்தட்ட மிஞ்சவில்லை. எது பலன் தந்தது என்று யார் அடித்துச் சொல்வது?

எல்லாவற்றுக்கும் மேலே, பாக்டீரியா அங்கேயேதான் இருக்கிறது. புளிப்பேற்றியதால் அது சாகவில்லை. வேரின் ஆயுளைக் குறைக்கும் மூலகாரணம் தொடர்கிறது. கூடவே உட்கார்ந்திருந்த சுண்ணாம்புச் சுமை மட்டும் இறங்கியது. மாநிலக் கணக்கு இரக்கமில்லாமல் அதைக் காட்டுகிறது. 2003-04 பருவத்தில் ஃபுளோரிடாவின் ஆரஞ்சு 24.2 கோடிப் பெட்டி, பெட்டிக்கு 90 பவுண்டு. 2022-23-இல் சுமார் 1.58 கோடிப் பெட்டி. அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் அடித்த இயன் புயலுக்கும் இதில் பெரிய பங்குண்டு என்றாலும், அதற்கு முன்பே சரிவு நெடுந்தூரம் வந்துவிட்டிருந்தது. 2022-இல் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை நேராக மரத்தண்டில் ஊசியாகச் செலுத்த அனுமதி கிடைத்ததும் விவசாயிகள் அதன்பக்கம் திரும்பினார்கள். அது பாக்டீரியாவையே தாக்குகிறது என்பதால் அந்த ஆர்வம் நியாயம்தான். ஊசி போட்ட மரத்துக்கும் வேரடி மண் சரியாக இருந்தாக வேண்டும் என்பது வேறு விஷயம்.

நம்மூர்த் தோப்புக்குக் கொண்டுவருமுன்

கந்தகம் போட்டால் கிரீனிங் போய்விடும் என்று சுருக்கி எடுத்துக்கொண்டு யாராவது இங்கே தொடங்கினால் என்ன ஆகும்? இரண்டு இடங்களை நினைத்துப் பார்க்கிறேன்.

கொடைக்கானல் கீழ்மலையின் கமலா ஆரஞ்சு டிரிஸ்டெசா, கிரீனிங் உள்ளிட்ட நோய்களால் நலிந்தது தெரிந்த கதை. அந்த மலை மண் இயல்பிலேயே புளிப்பு. அங்கே கந்தகம் தூவுவது எரியும் வயிற்றுக்குப் புளிச்சாறு கொடுப்பது.

தென்காசிச் சீமையின் எலுமிச்சைத் தோப்புகளில், சுக்கான் கல் விரவிய கரிசல் பக்கம் இருப்பவை நேர் எதிர்க்கோடி. இங்கே சுண்ணாம்பு தண்ணீரோடு வந்து ஒட்டியதாக மட்டும் இல்லை, மண்ணே அதுதான். இதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு ஏக்கரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 850 டன். அதில் ஒரு சதவீதம் சுண்ணாம்பு என்றால் எட்டரை டன். ஒரு கிலோ கந்தகம் முறிப்பது மூன்று கிலோ சுண்ணாம்பைத்தான். ஆக ஏக்கருக்கு ஏறக்குறைய 2.7 டன் கந்தகம் போட்டுத் தீர்த்த பிறகே பி.எச். உருப்படியாக அசையத் தொடங்கும். ஐந்து சதவீதம் இருந்தால் அதைப்போல ஐந்து மடங்கு. விலையைக் கேட்டதும் யாரும் தொடங்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நிலத்தில் சுண்ணாம்பைப் பொறுக்கும் வேர்ச்செடி, இலைவழி நுண்ணூட்டம், வேரடியில் நிறைய மட்கு என்று போவதே பிழைக்கும் வழி. தெளிப்பானடியில் ஒரு சிறு வட்டத்தை மட்டும் புளிக்கவைப்பது நடக்கக்கூடியதுதான், ஆனால் வருடா வருடம் விடாமல் செய்ய வேண்டிய வேலை.

எந்தப் பக்கத்து மண் என்று தெரிய ஆய்வகத்துக்குப் போகுமுன் அடுப்படியிலேயே ஒரு சோதனை செய்யலாம். தெளிப்பானடியில் ஒரு சாண் ஆழத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கட்டி உடைத்து ஒரு தட்டில் பரப்புங்கள். வினிகர் கொஞ்சம் ஊற்றிக் காதைப் பக்கத்தில் வையுங்கள். என் வீட்டுக் கொல்லை மண்ணில் செய்தபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வெள்ளைக் கல்லை நசுக்கி அதன்மேல் ஊற்றியதும், கடுகு பொரிவதைவிட மெல்லிய சத்தத்தில் பொருமி நுரை கிளம்பியது. அப்படி நுரைத்தால் அது சுண்ணாம்பு மண். கந்தகச் செலவுக்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். நுரைக்காமல், ஆனால் மண் பி.எச். 7-க்கு மேலும் தண்ணீரில் பைகார்பனேட் அதிகமாகவும் இருந்தால் உங்கள் நிலைமை ஃபுளோரிடா மணலுக்குக் கிட்டத்தில் வருகிறது.

தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கும்போது மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, காற்று புகாமல் மூடி, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். வெயிலில் நாலு நாள் வண்டிப் பெட்டியில் கிடந்த தண்ணீரில் பைகார்பனேட்டின் ஒரு பகுதி பாட்டிலின் சுவரிலேயே வெள்ளையாகப் படிந்திருக்கும். அறிக்கையில் எண் குறைவாக வரும்.